நொதிப் புட்டியும் தேனீப் பெட்டியும்

ஆனி பிறந்ததும் கம்பம் கணவாய் வழியாக மேல்காற்று இறங்கத் தொடங்கும். ஆண்டிபட்டிப் பக்கத்துக் காற்றாலைகளுக்கு அது நல்ல காலம். பெட்டியில் தேனீ வளர்ப்பவருக்கோ வருடத்திலேயே கடினமான காலம். மா பூத்து ஓய்ந்திருக்கும், வேம்பு உதிர்ந்திருக்கும், போடிப் பக்கத்து இலவ மரங்கள் எப்போதோ காய் வெடித்துப் பஞ்சாகியிருக்கும். புளியில் மிச்சமிருக்கும் பூவையும் ஆடிக்காற்று உலுக்கிவிடும். தென்னை மட்டும் விடாமல் பாளை வெடித்துக்கொண்டிருப்பதால் தோப்புக்குள் இருக்கும் பெட்டிகளுக்குக் கொஞ்சம் மகரந்தம் கிடைக்கிறது. ஆனால் பூவில் ஊறும் மதுரம் போதாது.

பசித்த தேனீ எங்கே போகும் என்பதற்குத் தமிழக ஆய்வாளர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். காபிக் கடை வாசலில் வீசியெறியப்படும் காகிதக் குவளைகளின் அடியில் தங்கும் சர்க்கரையைத் தேடி வந்து, அதற்குள்ளேயே செத்துக் கிடந்த தேனீக்களை அவர்கள் எண்ணினார்கள். ஐந்து கடைகளில், 30 நாட்களில், 25,000-க்கும் மேல். 2011-இல் ‘கரன்ட் சயின்ஸ்’ இதழில் அது வெளிவந்தது. பூ இல்லாத காலத்தில் பெட்டிக்குள் தீவனம் வைக்காவிட்டால் தேனீ தானாகவே தீவனம் தேடிப் போகும். அந்தத் தேடலில் கூட்டம் கரையும்.

ஆகவே தீவனம் கொடுக்க வேண்டுமா என்பதில் சந்தேகமில்லை. எதைக் கொடுப்பது என்பதில்தான் குழப்பம். நொதி கலந்தது, புரோபயாட்டிக் கலந்தது, வைட்டமின் கலந்தது என்று தேனீத் தீவனங்கள் பல நாடுகளில் விற்கப்படுகின்றன. இணையத்தில் தேடும் தேனி மாவட்டத்துக்காரர் கண்ணிலும் அவை படுகின்றன. ‘பாகில் ஒரு மூடி ஊற்றினால் ஈக்குச் செரிமான வேலை மிச்சம், கூட்டம் பெருகும்’ என்பது அவற்றின் பொதுவான வாக்குறுதி. அதில் எவ்வளவு உண்மை என்று பார்க்க வேண்டுமானால் முதலில் ஈயின் தலைக்குள் இருக்கும் ஒரு சுரப்பியைப் பார்க்க வேண்டும்.

ஈ தானே தயாரிக்கும் நொதி

வேலைக்கார ஈயின் தலையில், மூளைக்கு இருபுறமும் பாசிமணிக் கோவை போலச் சுருண்டு கிடக்கிறது தொண்டைச் சுரப்பி. ஈ இளமையாக, செவிலியாக இருக்கும் நாட்களில் இந்தச் சுரப்பி புழுக்களுக்கும் ராணிக்கும் ஊட்டும் பாலைச் சுரக்கிறது. அதே ஈ வயதாகி வெளியே பூவுக்குப் போகத் தொடங்கியதும் அதே சுரப்பி தொழிலை மாற்றிக்கொள்கிறது. பாலுக்குப் பதிலாகச் சர்க்கரையை உடைக்கும் நொதியைச் சுரக்க ஆரம்பிக்கிறது. 1990-களில் ஜப்பானிய ஆய்வாளர்கள் இந்த மாற்றத்தைப் புரத அளவிலேயே காட்டினார்கள்.

அந்த நொதிதான் இன்வர்டேஸ். பூவின் மதுரத்திலும் நம் சர்க்கரைப் பாகிலும் இருப்பது சுக்ரோஸ். இன்வர்டேஸ் அதைக் குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என்று இரண்டாக உடைக்கிறது. ஈ வயிற்றுப் பையில் கொண்டுவந்த துளியை வாய்க்கு வாய் மாற்றி, நாக்கில் விரித்து, சிறகால் விசிறி உலர்த்தும் போதெல்லாம் நொதி சேர்ந்துகொண்டே இருக்கிறது. கூடவே குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற இன்னொரு நொதியும் சேர்கிறது. தேனுக்கு லேசான புளிப்பையும் கிருமியை எதிர்க்கும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் தருவது அதுதான். மூன்றாவது டயாஸ்டேஸ், மாவுச்சத்தை உடைப்பது. தேனில் மாவுச்சத்து கிடையாது என்றாலும் டயாஸ்டேஸ் இருக்கிறது. தேன் வியாபாரத்தில் மிகவும் பேசப்படும் நொதி அதுவாகத்தான் இருக்கிறது. ஏன் என்பது கொஞ்சம் கழித்து வரும்.

ஆக, ஆரோக்கியமான கூட்டத்துக்குச் சுக்ரோஸை உடைப்பது பெரிய சுமை அல்ல. காலங்காலமாக மதுரத்தை அப்படித்தான் உடைத்துவருகிறது. 1978-இல் அமெரிக்காவில் கூண்டில் அடைத்த ஈக்களுக்கு வெவ்வேறு இனிப்புகளைக் கொடுத்துப் பார்த்தபோது, வெறும் சர்க்கரைப் பாகு குடித்தவை, மக்காச்சோளத்திலிருந்து எடுத்த ஃபிரக்டோஸ் பாகு குடித்தவற்றைவிட நீண்ட நாள் வாழ்ந்தன. முன்கூட்டியே உடைத்துக் கொடுத்தால்தான் ஈ பிழைக்கும் என்ற எண்ணத்துக்கு அந்தச் சோதனை இடம் தரவில்லை.

புட்டியில் இருப்பது என்ன

சந்தையில் கிடைக்கும் இன்வர்டேஸ் பெரும்பாலும் ஈஸ்டிலிருந்து எடுக்கப்படுவது. ரொட்டிக்குப் போடும் அதே ஈஸ்டின் உறவுதான். மிட்டாய்த் தொழிலில் அதற்கு நெடுநாள் பயன் உண்டு, இனிப்பு இறுகிக் கல்லாகாமல் தடுக்க. தேனீத் தொழிலிலும் உருப்படியான வேலை அதுவே. ஐரோப்பாவில் குளிர்காலத்துக்கு முன்பு கெட்டிப் பாகோ சர்க்கரைக் கட்டியோ கொடுப்பார்கள். அது பெட்டிக்குள் படிகமாகி உறையாமல் இருக்க நொதி உதவும்.

கம்பம் பள்ளத்தாக்கில் அந்தத் தேவையே எழுவதில்லை. இங்கே கொடுப்பது ஒன்றுக்கு ஒன்று கலந்த நீர்ப்பாகு. அது உறையாது, இந்த வெயிலில் புளிக்கத்தான் செய்யும். கொதிக்கும் பாகில் நொதியை ஊற்றினால் சூட்டில் அது செயலிழந்துவிடும், காசு கரைந்ததுதான் மிச்சம். ஆறிய பாகில் ஊற்றி வேலை செய்ய நேரம் விட்டால், அதற்குள் காற்றிலிருக்கும் ஈஸ்ட் பாகைப் புளிக்கவைத்துவிடும். வட ஐரோப்பியக் குளிருக்குப் பொருத்தமான ஒரு பொருளைச் சின்னமனூர் வெயிலுக்கு வாங்குவதில் பொருள் இல்லை என்றே சொல்ல வேண்டும்.

நொதி விலை அதிகம் என்று வேறு வழி தேடுபவர்களும் உண்டு. பாகில் எலுமிச்சைச் சாறு, வினிகர், சிட்ரிக் அமிலம் ஏதாவது ஒன்றைப் போட்டுக் கொதிக்கவைத்தால் சுக்ரோஸ் உடையும் என்பது உண்மைதான். ஆனால் அமிலமும் சூடும் சேரும்போது எச்.எம்.எஃப். என்ற வேதிப்பொருள் உண்டாகிறது. மனிதருக்கு அந்த அளவில் கேடில்லை, ஈக்கு அது நஞ்சு. 1975-இல் வந்த ஓர் ஆய்வில், அமிலத்தால் உடைத்த பாகில் கிலோவுக்கு 150 மில்லிகிராம் எச்.எம்.எஃப். இருந்தபோது, கூண்டில் இருந்த ஈக்களில் பாதிக்கு மேல் 20 நாளுக்குள் செத்தன. 2009-இல் அமெரிக்க வேளாண் துறை ஆய்வாளர்கள் சோளப் பாகைச் சூடேற்றிப் பார்த்து, 49 டிகிரி செல்சியஸ் அளவிலேயே எச்.எம்.எஃப். வேகமாக ஏறுவதைக் கண்டார்கள். வெயிலில் நிற்கும் வண்டியில், தகரக் கூரைக் கிடங்கில் அந்தச் சூடு எளிதில் வரும். ஆகவே எந்தப் புளிப்பும் பாகில் வேண்டாம். முந்தின வருடத்துப் பழைய பாகும், கருகிய பாகும் வேண்டாம்.

வெல்லம், கருப்பட்டி? நம் ஊர்ப் பொருள் என்ற பாசத்தில் பலர் கரைத்து வைக்கிறார்கள். அவற்றிலிருக்கும் உப்புகளும் கசடும் ஈயின் குடலில் தங்கி வயிற்றுப்போக்கை உண்டாக்கும். வெள்ளைச் சர்க்கரை நமக்கு நல்லதோ இல்லையோ, ஈக்கு அதுதான் சுத்தமான தீவனம்.

மகரந்தம் இல்லாமல் நொதி இல்லை

இந்த அத்தியாயத்தின் மையம் இங்கேதான் இருக்கிறது. நொதி என்பது புரதம். புரதத்தை ஈ சர்க்கரையிலிருந்து உண்டாக்க முடியாது, மகரந்தத்திலிருந்துதான் எடுத்தாக வேண்டும். பத்து அமினோ அமிலங்கள் தேனீக்கு உணவிலிருந்தே வந்தாக வேண்டும் என்று நெதர்லாந்து ஆய்வாளர் டி குரூட் 1953-லேயே காட்டிவிட்டார். மகரந்தம் குறைந்தால் தொண்டைச் சுரப்பி வளராது. சுரப்பி வளராத ஈ புழுவுக்குப் பாலும் ஊட்டாது, பின்னாளில் போதிய இன்வர்டேஸும் சுரக்காது. சர்க்கரைப் பாகை மட்டும் வாரக்கணக்கில் கொடுக்கும்போது பெட்டியில் ஈ இருக்கும், முட்டையும் இருக்கும், ஆனால் புழு அடை சுருங்கிக்கொண்டே வரும். நொதிப் பற்றாக்குறை என்று இதைப் பார்த்துப் புட்டி வாங்கத் தோன்றும். பற்றாக்குறை மகரந்தத்தில் இருக்கிறது.

பள்ளத்தாக்கில் மகரந்தத்துக்கு என்ன வழி? தென்னையை முதலில் வைக்க வேண்டும். முருங்கை அடுத்தது. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989-இல் வெளியிட்ட பி.கே.எம்.-1 செடி முருங்கை ஆண்டிபட்டி, தேனி வட்டாரங்களில் பரவியிருப்பது தேனீக்கும் நன்மை. மக்காச்சோளத்தில் மகரந்தம் குவியும், ஆனால் அதில் புரதம் குறைவு. அதை மட்டும் நம்பக்கூடாது. வரப்பிலும் வேலியோரத்திலும் களைக்கொல்லி அடிக்காமல் விட்டாலே சிறு பூக்கள் எத்தனையோ கிடைக்கும். கலப்பு மகரந்தம்தான் ஈக்குச் சத்து.

அதுவும் போதாத வாரங்களில் மாற்று மகரந்தத் தீவனம் வைக்கலாம். அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் மிக்கோலா ஹேடாக் உருவாக்கிய கலவை உலகெங்கும் அடிப்படையாக இருக்கிறது: எண்ணெய் நீக்கிய சோயா மாவு மூன்று பங்கு, உலர்ந்த புரூவர்ஸ் ஈஸ்ட் ஒரு பங்கு, கொழுப்பு நீக்கிய பால் பொடி ஒரு பங்கு. பால் பொடியில் இருக்கும் லாக்டோஸை ஈயால் செரிக்க முடியாது என்பதால் அதைக் குறைப்பதோ விட்டுவிடுவதோ நல்லது. மீதியைக் கெட்டிப் பாகு விட்டுச் சப்பாத்தி மாவுப் பதத்தில் பிசைந்து, மெல்லிய வில்லையாக்கி, காகிதத்தில் வைத்துப் புழு அடைச் சட்டங்களின் மேல் கவிழ்க்க வேண்டும். நம் இந்தியத் தேனீ இதை இத்தாலியத் தேனீ அளவுக்கு ஆசையாகத் தின்பதில்லை. ஆகவே சின்ன வில்லை போதும். மூன்று நாளில் தீராவிட்டால் எடுத்துவிட வேண்டும். தங்கிப்போன வில்லை எறும்புக்கும் மெழுகு அந்துப்பூச்சிக்கும் விருந்து.

சோயா மாவில் ஒரு விஷயத்தைக் கவனிக்காமல் விட்டால் எல்லாம் வீண். பச்சைச் சோயாவில் புரதத்தை உடைக்கும் நொதிகளை முடக்கும் பொருள் இருக்கிறது. ஈயின் குடலில் சுரக்கும் நொதிகளையும் அது கட்டிப்போடும். வறுத்து அரைத்த மாவில் அந்த முடக்கி அழிந்துவிடுகிறது. தீவன விஷயத்தில் நொதியைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய இடம் உண்மையில் இதுதான்: வெளியிலிருந்து நொதி சேர்ப்பதைவிட, ஈயிடம் இருக்கும் நொதியை வேலை செய்ய விடுவது. புரதம் உடைக்கும் நொதி சேர்த்த வில்லைகளுக்கு அதிக விலை கொடுப்பதற்கு முன்பு, கையிலிருக்கும் மாவு வறுத்ததா என்று முகர்ந்து பார்ப்பது மேல்.

கொடுக்கும் முறை

ஒரு கிலோ சர்க்கரைக்கு ஒரு லிட்டர் தண்ணீர். தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, சர்க்கரையைக் கரைத்து, முழுக்க ஆறவிட வேண்டும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இந்தியத் தேனீப் பெட்டி ஒன்றுக்கு வாரத்துக்கு 200 கிராம் சர்க்கரை என்று பரிந்துரைக்கிறது. அதை ஒரே நாளில் கொட்டாமல் இரண்டு மூன்று முறையாகப் பிரித்துக் கொடுப்பது இந்த வெயிலுக்கு ஏற்றது. மறுநாள் மிஞ்சிய பாகு நுரைத்திருந்தால் கொட்டிவிட வேண்டும்.

பாத்திரத்துக்குக் கொட்டாங்குச்சியை மிஞ்சியது இல்லை. உள்ளே நான்கு சுள்ளிகள் போட்டால் ஈ மூழ்காது. இருட்டும் நேரத்தில் வைக்க வேண்டும். பகலில் வைத்தால் வாசனை பிடித்துப் பக்கத்துப் பெட்டி ஈக்கள் கொள்ளையடிக்க வரும். தோப்பில் உள்ள எல்லாப் பெட்டிக்கும் ஒரே மாலையில் கொடுக்க வேண்டும், பலவீனமானதற்கு மட்டும் என்று இரக்கப்பட்டுக் கொடுத்தால் அதுவே முதலில் சூறையாடப்படும். வாசலைச் சுருக்கி, கால்களின் கீழ் எறும்புக் கிண்ணத்தில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். தேன் அறையை எடுத்துவிட்டுப் புழு அறையை மட்டும் வைத்தால் ஈக்கள் நெருங்கி இருக்கும், சூட்டையும் காக்கும்.

பசி எல்லை மீறினால் இந்தியத் தேனீ காத்திருக்காது. பெட்டியை விட்டு மொத்தமாகப் பறந்துவிடும். அதனால் ஆனி முதல் வாரத்திலேயே சட்டத்தைத் தூக்கிப் பார்த்து, மேல் ஓரத்தில் மூடிய தேன் இல்லையென்றால் உடனே தொடங்க வேண்டும்.

சர்க்கரை செலவு என்று வேறு ஊர்த் தேனையோ வேறு பண்ணை மகரந்தத்தையோ வாங்கிக் கொடுப்பது பெரிய ஆபத்து. 1976-இல் தாய்லாந்தில் கண்டறியப்பட்ட தாய் சாக்புரூட் வைரஸ் 1991-92-இல் தென்னிந்தியாவுக்குள் புகுந்தபோது, கேரளத்திலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் இந்தியத் தேனீக் கூட்டங்களில் பெரும்பாலானவை அழிந்தன. மார்த்தாண்டத்தில் 1920-களிலிருந்து ஒய்.எம்.சி.ஏ. வளர்த்தெடுத்த தொழில் இரண்டே வருடத்தில் நிலைகுலைந்தது. புழுவை நீர் கோத்த பையாக்கிக் கொல்லும் அந்த வைரஸுக்கு இன்றுவரை மருந்து இல்லை. நோயுள்ள கூட்டத்தின் தேனும் மகரந்தமும் அதைச் சுமக்கும். சொந்தப் பெட்டியில், நோயற்ற கூட்டத்திலிருந்து எடுத்ததாக இருந்தால் மட்டுமே தேனைத் திருப்பிக் கொடுக்கலாம். நொதித் தீவனம் எதுவும் இந்த நோயைத் தடுக்கும் என்று சொன்னால் நம்ப வேண்டாம்.

தேன் வாங்குபவர் பார்க்கும் நொதி

இப்போது டயாஸ்டேஸுக்கு வரலாம். சூடும் நாள்பட்ட சேமிப்பும் அதைக் குறைக்கும். அதனால் தேன் எவ்வளவு புதியது, எவ்வளவு காய்ச்சப்பட்டது என்பதற்கு அது அடையாளம். நம் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 தரவிதிப்படி தேனில் டயாஸ்டேஸ் குறைந்தது 3 ஷேட் அலகு இருக்க வேண்டும், எச்.எம்.எஃப். கிலோவுக்கு 80 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது, சுக்ரோஸ் பொதுவாக 5 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது. சர்க்கரைப் பாகு தேன் அறைக்குள் கலந்துவிட்டால் முதலில் காட்டிக்கொடுப்பது சுக்ரோஸ் அளவுதான்.

கலப்படக்காரர்களும் இதை அறிவார்கள். வெளிநாட்டுச் சந்தைகளில் பாகு கலந்த தேனுக்கு வெளி நொதியைச் சேர்த்து டயாஸ்டேஸ் அளவை ஏற்றும் மோசடி பிடிபட்டிருக்கிறது. அதனால் ஆய்வகங்கள் வெளி நொதியைத் தனியே தேடுகின்றன. ஈஸ்டின் இன்வர்டேஸ் சுக்ரோஸை ஃபிரக்டோஸ் பக்கத்திலிருந்து பிடித்து உடைக்கும், ஈயின் நொதி குளுக்கோஸ் பக்கத்திலிருந்து. இரண்டும் வேறு வேறு நொதிகள், ஆய்வகத்தில் பிரித்துச் சொல்ல முடியும். தில்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2020 டிசம்பரில், 13 தேன் பிராண்டுகளை ஜெர்மனிக்கு அனுப்பிச் சோதித்ததில் 10 தேறவில்லை என்று அறிவித்த பிறகு, வாங்குபவர்களின் கண் இன்னும் கூர்மையாகிவிட்டது. ஈக்கு நல்லது என்று நம்பி நொதிப் பாகு கொடுத்த ஒரு நேர்மையான விவசாயியின் தேனில் அந்த ஈஸ்ட் நொதியின் எச்சம் கிடைத்தால், ஆய்வக அறிக்கை அவரையும் கலப்படக்காரர் வரிசையில்தான் நிறுத்தும். இது ஒன்றே புட்டியைத் தள்ளிவைக்கப் போதுமான காரணம்.

பூக்காலம் தொடங்கும் அறிகுறி தெரிந்ததும் பாகை நிறுத்திவிட வேண்டும். தேன் அறை பெட்டியில் ஏறிய பிறகு ஒரு சொட்டுப் பாகும் கூடாது.

மலையேற்றம்

கீழே வறட்சியாக இருக்கும் அதே மாதங்களில் போடிமெட்டுக்கும் கம்பம்மெட்டுக்கும் மேலே ஏலக்காய் பூத்துக்கொண்டிருக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை அதன் முக்கியப் பூக்காலம். ஏலப்பூ ஒரு நாளுக்குள் வாடிவிடும், ஈ வந்து போகாவிட்டால் காய் பிடிப்பது அரிது. தோட்டக்காரருக்கு ஈ வேண்டும், ஈக்குப் பூ வேண்டும்; அதனால் பெட்டிகளை மேலே ஏற்றிவிடலாம். மழை விடாமல் அடிக்கும் வாரங்களில் அங்கேயும் பாகு தேவைப்படும் என்றாலும், இயற்கை மகரந்தத்துக்கு இணையான தீவனம் எந்தக் கடையிலும் இல்லை. சிக்கல் பூச்சிக்கொல்லி. ஏலத் தோட்டங்களில் மருந்தடிப்பு அடிக்கடி நடக்கும். பெட்டியை ஏற்றும் முன் மருந்தடிக்கும் நாட்களைத் தோட்டக்காரரிடம் எழுதி வாங்கிக்கொள்வதும், அந்த நாட்களில் விடியும் முன்பே வாசலை வலையால் மூடுவதும் கட்டாயம். கம்பத்துத் திராட்சைத் தோட்டங்களுக்கு அருகில் வைப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை. அங்கே வெடித்த பழத்தின் சாற்றை உறிஞ்ச ஈ போகும், புளித்த சாறு அதற்கு ஆகாது. பக்கத்திலேயே கல் போட்ட தண்ணீர்த் தொட்டியும் மாலைப் பாகும் இருந்தால் ஓரளவு தடுக்கலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் ஏதாவது ஒரு நொதித் தீவனத்தைச் சோதித்துப் பார்க்க ஆசைப்படுபவர் இருந்தால், சோதனையை ஒழுங்காகச் செய்வது நல்லது. ஒரே தோப்பில், ஏறத்தாழ ஒரே பலமுள்ள பத்துப் பெட்டிகளை எடுத்து, சீட்டுக் குலுக்கி ஐந்து ஐந்தாகப் பிரிக்க வேண்டும். இரண்டு பக்கத்துக்கும் அதே அளவு சர்க்கரை, அதே மாலை, அதே கொட்டாங்குச்சி. ஒரு பக்கத்துக்கு மட்டும் நொதி. தொடங்கும் நாளில் ஒவ்வொரு பெட்டியிலும் எத்தனை சட்டத்தில் புழு அடை இருக்கிறது என்று எழுதிவைத்து, இரண்டு தலைமுறை ஈ வெளிவரும் ஆறு வாரம் கழித்து மறுபடி எண்ண வேண்டும். அந்தப் பெட்டிகளின் தேனை அந்த வருடம் விற்பனைத் தேனோடு கலக்கக்கூடாது. கணக்கை எடுத்துக்கொண்டு காமாட்சிபுரத்தில் உள்ள வேளாண் அறிவியல் மையத்துக்கோ பெரியகுளம் கல்லூரியின் பூச்சியியல் துறைக்கோ போனால் அங்கே உட்கார்ந்து பேச ஆள் இருக்கிறார்கள். போகும்போது புட்டியின் லேபிளையும் கொண்டுபோக வேண்டும்: எந்த நொதி, எந்த உயிரிலிருந்து எடுத்தது, எத்தனை அலகு, எந்த வெப்பம் வரை தாங்கும் என்ற நான்கு விவரங்களில் ஒன்று இல்லாவிட்டாலும் அதை வாங்க வேண்டியதில்லை.